நடு ஆற்றில் ஒரு கைதட்டல்

திட்டுக்கு அடிக்குறிப்பு போடுகிற ஆளை அன்று காலைவரை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் தெருவில் திட்டுகிறவர்கள் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இன்ன புத்தகம், இன்ன பக்கம் என்று ஆதாரம் காட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

"மறுபடியும் படிங்க தம்பி" என்றார் அண்ணி.

படித்தேன். 'பெரியவர்' என்று எல்லோரும் அழைக்கும் சினிமாத் துறைப் பேராசிரியரைப் பற்றிய பதிவு அது. திருடன், வாய்ச்சவடால், தலைக்கு வெளியே முடியும் இல்லை உள்ளே சரக்கும் இல்லை, மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குக் கொல்லைப்புறமாக வேலை வாங்கிக் கொடுத்தவர் என்று போனது. நடுவில் ஒரு வரி. 'கரை சேராத கண்டம் என்ற நூலில் வைத்த அந்த ஒரு கருத்தைத் தவிர இந்த மனிதர் வாழ்நாளில் உருப்படியாக எதுவும் சொன்னதில்லை.' அந்த வரியின் தலையில் சின்னதாக ஓர் எண், பதிவின் கீழே பதிப்பு விவரமும் பக்க எண்ணும். கடைசியில், எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த விரிவுரையாளரின் பெயர்.

"நான் எழுதல. நம்புறதுன்னா நம்புங்க, இல்லன்னா கதவு அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் அவள்.

உதவி கேட்டுக் கூப்பிட்டவள் பேசுகிற பேச்சு இது. நான் அவளுக்கு மனதுக்குள் மிளகாய் என்று பெயர் வைத்துவிட்டேன். அண்ணிக்குக் கோபம் வரவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். குழைந்து பேசுகிறவர்களைத்தான் சந்தேகப்படுவார். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியபோது, கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற கொழுந்தன் என்னைக் கூட இழுத்துக்கொண்டார். சம்பளம் உண்டு, மரியாதை இல்லை.

மிளகாயின் அறை கல்லூரியின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மேலே யாராவது நடந்தால் நம் தலையில் நடப்பது போலக் கேட்கும். விவகாரத்தை அவள் சொன்ன அளவுக்குச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்க இலக்கியமும் சினிமாவும் பேசுவதற்கென்று ஓர் இணையக் குழுமம் இருக்கிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் உறுப்பினர்கள். யார் எதை எழுதினாலும் உடனே வெளியாகாது. நிர்வாகிகளின் காத்திருப்பு வரிசையில் போய் நிற்கும், அவர்கள் படித்து அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும். நிர்வாகிகள் பெரியவரும் அவருடைய மாப்பிள்ளையும். மாமனாரும் மருமகனும் ஒரே கல்லூரி, ஒரே வீடு, குழுமத்துக்கு ஒரே கடவுச்சொல். இணையம் ஒழுங்காகக் கிடைக்காத ஊர்களில் இருக்கும் உறுப்பினர்கள் மின்னஞ்சலில் அனுப்பினால், நிர்வாகிகளே அவர்கள் பெயரில் பதிவேற்றிக் கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில் திறந்து வைத்த கதவுதான்.

"அப்ப யார் பேர்ல வேணும்னாலும் அவங்க ரெண்டு பேரும் பதிவு போடலாம்" என்றார் அண்ணி.

"போடலாம். ஆனா யார் நம்புவா? திட்டு வாங்கினவரே பெரியவர். அதையும் அவரே அனுமதிச்சு வெளியிட்டிருக்கார். என்னைத் திட்டினதைத் தடுத்தா நான் என்ன நிர்வாகின்னு எழுதியிருக்கார். உலகமே அவரைக் கையெடுத்துக் கும்பிடுது. என் மேல காறித் துப்புது."

அன்று பிற்பகல் விசாரணைக் குழு கூடுகிறது. குழுமத்திலிருந்து நீக்கினால் கல்லூரி வேலையும் போய்விடும். வேறு இடத்தில் தேடலாமே என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் படிப்புக்கு வேலை கொடுக்கிற அத்தனை பேரும் அந்தக் குழுமத்தில்தான் இருக்கிறார்களாம். அவள் படித்த படிப்பே அன்றோடு செல்லாமல் போய்விடும்.

"நீ கடைசியா என்ன அனுப்பின?" என்று அண்ணி கேட்டார்.

அதுவரை முறைத்துக்கொண்டிருந்த முகத்தில் முதன்முறையாக வேறொன்று தெரிந்தது. ஆசையாகச் செய்த ஒன்றைப் பறிகொடுத்தவளின் முகம் அது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தாள்.

பெரியவரின் பெருமை முழுவதும் ஒரே ஒரு படத்தின் மீது நிற்கிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். மாணவர்கள் வைத்த பெயர் தோணிப் படம். மகனைத் தேடி ஒரு தாய் ஆற்றைக் கடக்கிறாள். தோணி நடு ஆற்றுக்கு வருகிறது, தோணிக்காரன் துடுப்பை உயர்த்துகிறான், திரை இருண்டு படம் முடிந்துவிடுகிறது. அவள் கரை சேரவே இல்லை, அந்தக் கண்டமும் அப்படித்தான், நடு ஆற்றிலேயே நிற்க விதிக்கப்பட்டது என்று பெரியவர் எழுதிய புத்தகம்தான் அந்தக் 'கரை சேராத கண்டம்'. அதைப் படித்துவிட்டு நூறு பேர் நூறு கட்டுரை எழுதினார்கள். மாப்பிள்ளையின் முனைவர் பட்டமும் அதே தோணியில் வந்ததுதான்.

"படம் அங்க முடியல" என்றாள் மிளகாய். "நம்ம கல்லூரிப் பிரதியில கடைசிச் சுருள் இல்ல. எப்பவோ தொலைஞ்சிருக்கு. படத்தைத் தொகுத்த அம்மா அந்த ஊர்ல இன்னும் இருக்காங்க. எழுதிக் கேட்டேன், முழுசா அனுப்பிட்டாங்க. இத்தனை வருஷமா எங்களை யாருமே கேக்கலியேன்னு எழுதியிருந்தாங்க."

கடைசிச் சுருளைப் போட்டுக் காட்டினாள். அதில் என்ன இருந்தது என்பதை இப்போது சொல்ல மாட்டேன். நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதைத்தான் அவள் விளக்கமாக எழுதிக் குழுமத்துக்கு அனுப்பியிருக்கிறாள். அது வெளியாகவில்லை. அடுத்த நாள் அவள் பெயரில் வசவு வெளியானது.

"இந்தச் சுருளைப் பத்தி வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. இங்க பேசுறதுக்கு எனக்கு யார் இருக்கா?"

"நல்லதாப் போச்சு. இனிமேலும் வாயைத் திறக்காத" என்றார் அண்ணி.

வெளியே வந்ததும் மாப்பிள்ளைதான் ஆள் என்று நான் சொல்லிவிட்டேன். மிளகாய் போனால் அவளுடைய நிரந்தர இடம் அவனுக்கு. மாமனாரின் தோணி கவிழ்ந்தால் அவன் பட்டமும் கூடவே முழுகும். திட்டுகிறவன் எதைத் திட்டுகிறான் என்று பார்க்காதே, எதை விட்டுவிட்டுத் திட்டுகிறான் என்று பார் என்றார் அண்ணி. அதுவும் மாப்பிள்ளைக்குத்தான் பொருந்துகிறது என்றேன். மாமனார் கருத்தை விட்டால் அவனுக்கு ஏது பிழைப்பு?

நிர்வாகிகளின் அறை நல்ல வெளிச்சமாக இருந்தது. மாப்பிள்ளை எங்களை உட்காரச் சொல்லவில்லை. இந்தத் துறைக்கும் துப்பறிகிறவர்களுக்கும் என்ன சம்பந்தம், நீங்கள் ஆப்பிரிக்க நாவல் ஒன்றாவது படித்திருக்கிறீர்களா என்று கேட்டான். எங்கள் வீட்டில் பால் கணக்குப் படிக்கவே நேரம் போதவில்லை என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

பெரியவர் உள்ளறையிலிருந்து வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மடித்த கண்ணாடி. அவர் உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அந்தப் பெண் திறமைசாலி, அவசரக்காரி, தண்டனை குறைவாகவே இருக்க வேண்டும் என்று நானே குழுவிடம் கேட்டிருக்கிறேன் என்றார். எனக்கே அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

அண்ணி இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். அந்த வசவுப் பதிவைத் தவிர அவளிடமிருந்து அண்மையில் வேறு ஏதாவது வந்ததா?

"ஒண்ணும் வரல" என்றான் மாப்பிள்ளை.

"எதுவும் இல்லம்மா. வந்திருந்தா சந்தோஷமா வெளியிட்டிருப்பேன்" என்றார் பெரியவர்.

ஆண்டுதோறும் புது மாணவர்களுக்குத் தோணிப் படத்தைப் போட்டுக் காட்டுவது அந்தத் துறையின் வழக்கம். அன்று பிற்பகலும் அதுதான் முதலில், விசாரணை அதற்குப் பிறகு. படம் பார்ப்பதிலும் ஒரு சடங்கு உண்டாம். நடு ஆற்றில் திரை இருண்டதும் மொத்த அரங்கும் எழுந்து நின்று கைதட்டும். முதலில் எழுவது பெரியவர். விளக்கைப் போடுவது மாப்பிள்ளை.

அண்ணி நேராக முதல்வரின் அறைக்குப் போனார். விசாரணைக் குழுவின் தலைவி அந்த அம்மாதான். அங்கும் வரவேற்பு பிரமாதம். குற்றவாளிக்கு வக்காலத்து வாங்க வந்தவர்களுக்கு நேரம் இல்லை என்று கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னார். வக்காலத்து இல்லை, ஒரு பரிசு என்றார் அண்ணி. படத்தைத் தொகுத்த அம்மாவிடமிருந்தே ஒரு நல்ல பிரதி வந்திருக்கிறது, இன்று அதைப் போடலாமே என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல்வர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். பழைய பிரதியில் எல்லோர் முகத்திலும் மழை பெய்துகொண்டே இருக்கும் என்பது அவருடைய நெடுநாள் குறை.

படம் ஓட்டுகிறவர் கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார். எந்தப் பிரதியாக இருந்தாலும் தனக்குத் தூக்கம்தான் வரும் என்று சொல்லி பென்டிரைவை வாங்கிக்கொண்டார்.

அரங்கம் நிரம்பியிருந்தது. மிளகாய் உள்ளே வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். ஒரு மாணவன் அவள் காதில் விழும்படியாக ஏதோ சொன்னான், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள். எனக்கு அவள்மேல் அதுவரை இருந்த எரிச்சல் அந்த இடத்தில் போய்விட்டது. அவளுக்குப் பக்கத்தில் போய் உட்காரலாம் என்று நினைத்தேன். அண்ணி என்னை முன்வரிசைக்குத் தள்ளினார், பெரியவருக்கு அடுத்த இருக்கைக்கு.

முதல்வர் மேடையேறி நல்ல பிரதியைப் பற்றி அறிவித்தார். மாணவர்கள் ஓ என்று சத்தம் போட்டார்கள். பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினார்.

"பழகின பிரதியே போதுமே. அந்தக் கீறலும் படத்தோட சரித்திரம்தான்" என்றார்.

அழகாகத்தான் சொன்னார், கைதட்டலும் கிடைத்தது. ஆனால் முதல்வர் விடவில்லை, ஒரு தடவையாவது அந்தத் தாயின் முகத்தைப் பார்ப்போம் என்றார். விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் பெரியவர் தலைவலி என்று எழப்போனார். மாப்பிள்ளை பாய்ந்து வந்து மாத்திரையும் தண்ணீரும் கொடுத்து உட்கார வைத்தான். பாசமான மருமகன். அன்று மாமனாருக்கு அதைவிடப் பெரிய தொல்லை வேறு இருந்திருக்காது.

படத்தை நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் மாப்பிள்ளையைப் பார்த்தேன். சுவரோரம் விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். கடைசிச் சுருளைப் பற்றித் தெரிந்தவன் என்றால் இப்போது முகம் வேர்த்திருக்க வேண்டும். அவனோ கொட்டாவி விட்டான்.

தோணி நடு ஆற்றுக்கு வந்தது. துடுப்பு உயர்ந்தது. திரை இருண்டது.

அரங்கம் மொத்தமும் எழுந்தது. கைதட்டல் கூரையைத் தொட்டது. விளக்குகள் எரிந்தன. முதல்வர் நின்று தட்டினார், மாணவர்கள் நின்று தட்டினார்கள், மாப்பிள்ளை பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். மிளகாய் உட்கார்ந்திருந்தாள், அது எதிர்பார்த்ததுதான். நான் என் பக்கத்தில் திரும்பினேன்.

பெரியவர் எழவில்லை.

ஆண்டுதோறும் முதலில் எழுகிற மனிதர், இருக்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இருண்ட திரையைப் பார்த்தபடி இருந்தார். மாப்பிள்ளை ஓடிவந்து குனிந்தான்.

"எழுந்திருங்க மாமா, முடிஞ்சிடுச்சு."

"இல்ல மாப்பிள்ள" என்றார் பெரியவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் முடியல."

அவர் சொல்லி முடித்த பிறகுதான் திரையில் வெளிச்சம் வந்தது. தோணி நகர்ந்தது.

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. வேறு படத்தைப் போட்டுவிட்டாயா என்று மாப்பிள்ளை பின்பக்கம் பார்த்துக் கத்தினான். யாரோ விளக்கை அணைத்தார்கள். அந்தத் தாய் கரையில் இறங்கினாள். சேலை போலச் சுற்றியிருந்த துணியைப் பிழிந்தாள். ஊருக்குள் நடந்தாள். ஒரு வீட்டின் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த மகனைக் கண்டாள். விட்டாள் ஓர் அறை. அரங்கமே அதிர்ந்தது. பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அவன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். அது அவளுடைய வீடு. உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டாள், அவன் வெளியே நின்றான். படம் அங்கேதான் முடிகிறது.

புது மாணவர்கள் விசிலடித்தார்கள். முன்வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கரை சேராத கண்டம், கரை சேர்ந்ததோடு நிற்காமல் கணக்கையும் தீர்த்துவிட்டது.

விசாரணை அடுத்த அறையில் நடந்தது. அண்ணி நின்றபடியே பேசினார்.

"ஐயா, படம் இன்னும் முடியலன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ஊகித்தேன் என்றார் பெரியவர். புதுப் பிரதி என்றதும் தோன்றியது என்றார். புதுப் பிரதியை மேடையில் அறிவித்த முதல்வருக்கே அப்படித் தோன்றவில்லையே என்று கேட்டார் அண்ணி. அந்தச் சுருள் இருப்பது இந்தக் கல்லூரியில் மிளகாய்க்கு மட்டும் தெரியும். அவள் எழுதியது ஒரே இடத்தில், குழுமத்தின் காத்திருப்பு வரிசையில். அந்த வரிசையைத் திறக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுந்து கைதட்டினார், விளக்கையும் போட்டார்.

"இன்னொருத்தர் உக்காந்தே இருந்தார். பயந்துட்டிருக்கறவங்களுக்கு அடுத்து என்ன வருதுங்கறதுலதான் கண்ணு இருக்கும். எழுந்திருக்கணும்னே தோணாது" என்றார் அண்ணி. "அதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம்தான். பதிவுப்படி உங்களைத் திட்ட வந்தவ அவ. உங்க வேலையை, குடும்பத்தை, தலைமுடியைக்கூட விடல. அந்த ஒரு கருத்தை மட்டும் தொடல. அவ உடைக்க வந்ததே அதைத்தான். அவளைத் துரத்திட்டா சுருளும் வெளிய வராதுன்னு எழுதினது நீங்க, அதான் அந்தக் கருத்தைத் திட்ட மனசு வரல. பக்க எண் போடாம இருக்கவும் முடியல."

பெரியவர் கண்ணாடியை விரித்தார், மடித்தார். மறுக்கவில்லை.

மாப்பிள்ளையின் முகத்தில் அப்போதுதான் கணக்கு ஓடியது.

"கடவுச்சொல் நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அவ இடம் எனக்கு வரும்னு ஊருக்கே தெரியும். பழி என் மேல விழுந்திருந்தா நீங்க வாயைத் திறந்திருப்பீங்களா மாமா?"

பெரியவர் கண்ணாடியை மறுபடியும் விரித்தார். மாப்பிள்ளை அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தவன், நடந்து போய் சுவரோரம் நின்றுகொண்டான்.

விசாரணையைக் கைவிடுவதாக முதல்வர் அறிவித்தார். மிளகாயின் வேலைக்குப் பழுதில்லை, பெரியவரின் பொறுப்புகளைப் பற்றி நாளை பேசலாம் என்றார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அதற்குப் பதிலாக முதல்வரிடமிருந்து ஓர் அறிவுரை வந்தது. நீயும் கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருக்கலாம்.

"பணிவாத்தான் எழுதி அனுப்பினேன்" என்றாள் மிளகாய். "அதான் காணாமப் போச்சு."

பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். தன் பதிவை மறுபடியும் அனுப்பினாள். நிர்வாகி அனுமதிக்கக் காத்திருக்கிறது என்று திரை சொன்னது. மடிக்கணினியைத் தூக்கிப் பெரியவரின் முன்னால் வைத்தாள்.

"இதை நீங்களே விடணும். உங்க கையால."

முதல்வர் குறுக்கிட வாயெடுத்தார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பெரியவர் கடவுச்சொல்லைத் தட்டினார். படித்தார். அந்த அறையில் அவர் ஒருவர்தான் அதை இரண்டாவது தடவையாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. அழித்துவிடப் போகிறார் என்று நினைத்து நான் முன்னால் நகர்ந்தேன்.

அவர் அழிக்கவில்லை. தன் புத்தகத்தை அவள் மறுத்திருந்த வரியின் முடிவில் பக்க எண் விட்டுப்போயிருந்தது. அதைத் தட்டிச் சேர்த்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை, மனப்பாடமாகவே தெரிந்திருந்தது. பிறகு அனுமதித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாணவர்கள் படம் ஓட்டுகிறவரை விடாமல் பிடித்துவைத்திருந்தார்கள். கடைசிச் சுருளை மறுபடியும் போடச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாயின் கை மகனின் கன்னத்தில் விழுந்த சத்தம் எங்கள் அறைவரை கேட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.